பொலிகாளையின் விந்தும் ஓமோன்களும்
வில்கமுவப் பகுதிக் கமக்காரருக்குச் சில குறிப்புகள்

நெற்காணியும் மரக்கறித் தோட்டமும் உடைய கமக்காரருக்கு மாடு வளர்த்தல் வேறொரு தொழிலன்று. கமத்தின் ஓர் அங்கமே. வயலின் வைக்கோலும் தோட்டத்தின் கொடிகளும் மாட்டுக்கு உணவாகின்றன. மாட்டின் எரு நெல்வயலுக்கும், கத்தரி, மிளகாய், பூசணிப் பாத்திகளுக்கும் திரும்பி வருகின்றது. ஓர் அறுவடைக்கும் மற்றோர் அறுவடைக்கும் இடையில், கைச்செலவுக்கு உதவுவது பாலின் வரும்படியே. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மகாவலி கங்கையின் இடதுபுறத்தே, மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீரைக் கொண்டு பயிர் செய்யும் வில்கமுவப் பகுதிக்கு இவ்வுண்மை நன்கு பொருந்தும்.

ஆயினும் இவ்வரும்படி முழுவதும் ஒரு செயலைச் சார்ந்து நிற்கின்றது. பசு உரிய காலத்திற் சினைப்பட்டுக் கன்று ஈனவேண்டும். ஒருமுறை சினைப்படத் தவறினால், அடுத்த வேட்கைக்கு ஏறக்குறைய 21 நாள் காத்திருத்தல் வேண்டும். மூன்றுமுறை தவறினால் இரண்டு மாதத் தீனி வீணாவதோடு, இரண்டு மாதப் பாலும் பின்தள்ளப்படும். “காளை கொழுத்திருக்கின்றது, பசுவுக்கும் நோயில்லை, எனினும் சினைப்படவில்லையே” எனப் பலர் வினவுவர். இவ்வினாவுக்கு விடை பலவாயினும், அவற்றுட் பெரும்பாலானவை விந்தணுவையும், அதனை ஆக்கி ஆளும் ஓமோன்களையும் பற்றியனவாகும். அவற்றை அறிந்துகொள்ளும் கமக்காரர், பணச்செலவு அதிகமின்றியே தம் பட்டியைப் பெருக்கிக்கொள்ளலாம்.

1. ஓமோன் என்பது யாது?

உடலிலுள்ள சில சுரப்பிகள் தாம் ஆக்கும் பொருள்களைக் குழாய் வழியாக அன்றி நேரே இரத்தத்திற் கலக்கவிடுகின்றன. அப்பொருள்கள் இரத்தத்தோடு ஓடி, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பை அடைந்து, அதனைத் தொழிற்படச் செய்கின்றன. இவையே ஓமோன்கள். மடைக்காவலன் திறந்துவிடும் நீர் வாய்க்காலில் ஓடிக் கடைசிக் காணியை அடைதல் போன்றது இது. மடை மிகத் திறந்தாலும் கேடு, அடைபட்டாலும் கேடு.

1849ஆம் ஆண்டில் பேர்தோல்டு என்னும் செருமானிய அறிஞர், சேவற் குஞ்சுகளின் விதைகளை நீக்கிப் பார்த்தார். விதை நீக்கப்பட்ட குஞ்சுகள் கொண்டை வளராமலும் கூவாமலும் சண்டையிடாமலும் இருந்தன. வேறு சில குஞ்சுகளில், நீக்கிய விதையை வயிற்றினுள்ளே மீண்டும் வைத்தார். அவை கொண்டை வளர்ந்து கூவும் முழுச் சேவல்களாயின. விதைக்குச் சென்ற நரம்புகள் அறுபட்ட பின்னும் இவ்வாறு நிகழ்ந்தமையால், விதையினின்று ஏதோ ஒன்று இரத்தத்தில் கலக்கின்றது என்பது தெளிவாயிற்று. அப்பொருள் தெஸ்தெஸ்தரோன் என்பதாகும். நலமடித்த எருது சாந்தமடைவதும், அதன் கழுத்துத் திமிர் குறைவதும் இப்பொருள் இல்லாதுபோவதனாலேயே.

2. விந்தணு உண்டாகும் விதம்

மூளையின் அடிப்பாகத்திலிருந்து ஒரு தூண்டும் ஓமோன், தொடர்ச்சியாக அன்றி, விட்டுவிட்டுச் சுரக்கின்றது. இதன் அமைப்பை ஷாலி, கில்லெமின் ஆகிய இருவரும் தத்தம் ஆய்வுக்கூடங்களில் 1971ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தனர். 1977இல் நோபெல் பரிசும் பெற்றனர். இவ்வோமோன் மூளையின் கீழேயுள்ள கபச்சுரப்பியை அடைந்தவுடன், அச்சுரப்பி இரண்டு ஓமோன்களை இரத்தத்தில் விடுகின்றது.

முதலாவது லூற்றினாக்கும் ஓமோன். இது விதையிலுள்ள லெய்டிக்கின் கலங்களைத் தூண்டித் தெஸ்தெஸ்தரோனை உண்டாக்குவிக்கின்றது. இரண்டாவது புடைப்புத் தூண்டும் ஓமோன். இது விதைக்குழாய்களிலுள்ள சேர்ட்டோலியின் கலங்களில் தொழிற்படுகின்றது. வளரும் விந்தணுக்களுக்குச் செவிலித்தாய் போல உணவூட்டிக் காப்பவை இக்கலங்களே. விந்தணு முழுமையாக வளர்வதற்குத் தெஸ்தெஸ்தரோன் இன்றியமையாதது. விதையினுள்ளே அது இரத்தத்தில் இருப்பதைப் பார்க்கிலும் பன்மடங்கு மிகுதியாக இருத்தல் வேண்டும்.

விதையில் உருவான விந்தணு உடனே கருக்கட்டும் ஆற்றல் உடையதன்று. அது நேராக நீந்தவும் அறியாது. விதையின்மேல் ஒட்டிச் சுருண்டு கிடக்கும் நீண்ட குழாயினூடாக ஊர்ந்து செல்லும்போதே அது முதிர்ச்சி பெறுகின்றது. அச்சுருட்குழாய் தன் வேலையைச் செய்வதற்கும் தெஸ்தெஸ்தரோன் வேண்டும்.

3. எழுபது நாட் கணக்கு

கமக்காரர் எல்லாவற்றினும் முதன்மையாக நினைவில் வைக்கவேண்டியது இக்கணக்கேயாகும். காளையின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிவதற்கு 61 நாள் செல்லும். சுருட்குழாயைக் கடக்க ஏறக்குறைய மேலும் 10 நாள் செல்லும். ஆகவே இன்று வெளிப்படும் விந்து, எழுபது நாட்களுக்கு முன் விதைக்கப்பட்ட பயிரின் விளைவாகும். நெல்லுக்கு நாற்றுப் பருவத்தில் நேர்ந்த கேடு கதிரிலே தெரிவது போல, காளைக்கு நேர்ந்த கேடும் காலந்தாழ்த்தியே தெரியும்.

ஓர் உதாரணம் காண்போம். ஆகஸ்ட் முதலாந் திகதி ஒரு பொலிகாளைக்குக் கால்வாய் நோய் கண்டு கடுங்காய்ச்சல் அடித்ததாகக் கொள்வோம். பத்து நாளிற் காய்ச்சல் தணிந்து காளை நன்றாக மேயத் தொடங்கும். பசுவின் மேல் ஏறவுஞ் செய்யும். எனினும் காய்ச்சலின்போது வளர்ந்துகொண்டிருந்த விந்தணுக்கள் பழுதுபட்டிருக்கும். அவை ஆகஸ்ட் நடுப்பகுதி தொடங்கி வெளிவரும். காய்ச்சல் தணிந்த பின் புதிதாகத் தொடங்கிய நல்ல விந்தணுக்கள் வெளிவருவதற்கு ஒக்டோபர் இருபதாந் திகதியளவு ஆகிவிடும். இடைப்பட்ட காலத்தில் அக்காளையை நம்பியவரின் பசுக்கள் பல மலடு போல் நிற்கும். குற்றம் பசுவினதன்று.

காய்ச்சலைப் போன்றதே வெயிலும். மாட்டின் உடல் வெப்பம் 38.5 பாகை செல்சியசு அளவாகும். விதையோ அதனினும் 4 அல்லது 5 பாகை குளிர்ந்திருந்தாலன்றி நல்ல விந்தணுவை ஆக்காது. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதன் காரணம் இதுவே. வில்கமுவ போன்ற வரண்ட பகுதியில், சிறுபோகக் காலத்து உச்சி வெயிலில், நிழலின்றிக் கட்டப்பட்ட காளையின் விதை தன் வெப்பத்தைத் தணிக்க இயலாது வருந்தும். வெப்பம் விந்தணுவை வளர்க்கும் கலங்களை நேரே தாக்குவதோடு, அதிரீனற் சுரப்பியிலிருந்து கோட்டிசோல் என்னும் ஓமோனையும் மிகுவிக்கின்றது. கோட்டிசோல் மிகுந்தால் மூளையின் தூண்டல் குறையும், கபச்சுரப்பி அடங்கும், தெஸ்தெஸ்தரோன் தாழும். நெடுந்தூரம் லொறியில் ஏற்றிச் செல்லுதல், அடித்து வெருட்டுதல், தண்ணீரின்றி நாள் முழுவதும் கட்டிவைத்தல் ஆகியனவும் இவ்வாறே கேடு செய்யும்.

நாட்டு மாடும் சகிவால் இனமும் வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஐரோப்பிய இனங்களும் அவற்றின் இரத்தம் மிகுந்த கலப்பினங்களும் அவ்வளவு தாங்கா. ஆகவே அவற்றுக்கு நிழலும் நீரும் இருமடங்கு அவசியம்.

4. நாம்பன் கன்றின் முதல் ஆறு மாதம்

பாலை விற்கும் வீட்டில் நாம்பன் கன்று பெரும்பாலும் பட்டினி கிடக்கும். நாகு கன்று நாளைக்குப் பால் தருமென்று காக்கப்படும். நாம்பன் கன்றோ “பின்னர் புல் மேய்ந்து தேறிவிடும்” என்று விடப்படும். அதனை உழவுக்கோ இறைச்சிக்கோ வளர்ப்பதாயின், இழப்பு உடல் நிறையில் மட்டுமே. பொலிகாளையாக்க விரும்பினால் இழப்பு மிகப் பெரிது.

கன்று பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதந் தொடங்கி ஐந்து மாதம் வரையுள்ள காலத்தில், கபச்சுரப்பி லூற்றினாக்கும் ஓமோனை ஒருமுறை மிகுதியாகச் சுரந்து, விதையை வருங்காலத்துக்கு ஆயத்தஞ் செய்கின்றது. விந்தணுவுக்குச் செவிலித்தாயான சேர்ட்டோலியின் கலங்கள் பெருகுவதும் இளமைக் காலத்திலேயே. பருவமடைந்த பின் அவை பெருகமாட்டா. செவிலியர் எத்தனை பேரோ, அதற்கேற்பவே விந்தணுக்களின் தொகையும் அமையும். இக்காலத்திற் கன்று அரைவயிற்றோடு இருந்தால் ஓமோன் சுரப்புக் குன்றும்; பருவம் பிந்தும்; விதையும் சிறுத்தே நிற்கும். பின்னர் தவிடும் புண்ணாக்கும் நிறையக் கொடுத்தாலும் இழந்ததை முற்றாக மீட்க இயலாது. நாற்றுமேடையில் நலிந்த நாற்றுக்குக் கதிர்ப் பருவத்தில் உரமிடுதல் எவ்வளவு பயன் தருமோ, அவ்வளவே இதுவும் தரும்.

எனவே பொலிகாளைக்கென்று தெரிந்தெடுத்த கன்றுக்கு முதல் ஆறு மாதமும் பாலையும், தளிர்ப் புல்லையும், கன்றுத் தீனியையும் குறைக்கலாகாது. குடற்புழு மருந்தையும் உரிய காலத்திற் கொடுப்பித்தல் வேண்டும். ஆயின், பருவமடைந்த காளையை அளவுக்கு மீறிக் கொழுக்க வைத்தலும் தவறு. விதைப்பையின் கழுத்திற் கொழுப்புப் படிந்தால் விதை குளிர்தல் தடைப்படும்.

காளை வாங்குவோர் அதன் திமிலையும் கொம்பையும் மாத்திரம் பார்த்தல் போதாது. விதைகள் இரண்டும் ஒத்த அளவினவாய், தொட்டால் இறுகிய இறப்பர் போல இருத்தல் வேண்டும். ஐரோப்பிய இனக் காளையொன்றின் விதைப்பைச் சுற்றளவு, 15 மாத வயதில் 30 சதமமீற்றருக்குக் குறையாதிருப்பது நன்று. நாட்டு மாடு உருவிற் சிறியதாகையால் இவ்வளவை அதற்குப் பொருத்திப் பார்த்தலாகாது.

5. ஊசி மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை

காளை மந்தமாக இருந்தாலோ, பசுக்கள் சினைப்படத் தவறினாலோ, “ஆண் ஓமோன் ஊசி போட்டால் சரிவரும்” என்று எண்ணுவோர் உளர். இது பெருந் தவறாகும். இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளல் நலம்.

இரத்தத்தில் தெஸ்தெஸ்தரோன் எவ்வளவு உண்டென்பதை மூளை இடையறாது அளந்துகொண்டிருக்கின்றது. வெளியிலிருந்து ஊசி மூலம் அது சேர்ந்தால், “போதிய அளவு உண்டு” என மூளை கொண்டு தன் தூண்டலை நிறுத்திவிடும். கபச்சுரப்பி அடங்கும். விதை தானே ஆக்கும் தெஸ்தெஸ்தரோன் நின்றுபோகும். ஊசியால் இரத்தத்தில் அது ஏறினாலும், விதையினுள் வேண்டிய பன்மடங்கு அளவை எட்டாது. முடிவில் விதை சுருங்கி, விந்தணு குறையும். வாய்க்காலில் நீரைக் கண்டு மடைக்காவலன் மதகை அடைத்துவிட, வயல் காய்வது போன்றதே இது.

ஏறும் விருப்பமும் கருக்கட்டும் ஆற்றலும் ஒன்றல்ல என்பதையும் அறிதல் வேண்டும். விருப்பத்துக்குச் சிறிதளவு தெஸ்தெஸ்தரோனே போதும். ஆதலால் விந்தணு பழுதுபட்ட காளையும் ஆர்வத்தோடு பசுவை நாடும். காளையின் சுறுசுறுப்பை மாத்திரங் கண்டு அதன் விந்து நன்றென முடிவு செய்யலாகாது. ஐயமிருப்பின், அரச மிருக வைத்தியர் மூலம் விந்தைப் பரிசோதிப்பித்தலே தக்க வழி.

6. பசுவின் உடலில் விந்தணு

விந்தணுவின் கதை காளையோடு முடிவதில்லை. பசுவின் உடலுட் சென்ற பின்னரும் அதனை ஆள்பவை ஓமோன்களே; இம்முறை அவை பசுவினுடையவை.

வேட்கைக் காலத்தில் சூலகத்திலிருந்து ஈஸ்திரசன் மிகுதியாகச் சுரக்கின்றது. அதனால் கருப்பைக் கழுத்து இளகி, கண்ணாடி போன்ற தெளிந்த சளி வடிகின்றது. இச்சளியினூடே விந்தணு எளிதில் நீந்திச் செல்லும். வேட்கை நீங்கிச் சில நாள் சென்றதும், சூலகத்தில் மஞ்சட்சடலம் தோன்றிப் புரொஜெஸ்தரோனைச் சுரக்கின்றது. உடனே சளி தடித்து வாயில் அடைபடும். அக்காலத்தில் எவ்வளவு சிறந்த காளையின் விந்தும் பயனற்றதே.

வாயிலைக் கடந்த விந்தணுவும் உடனே முட்டையைத் துளைக்க வல்லதன்று. பசுவின் உட்குழாய்களில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் தங்கி, அங்குள்ள சுரப்புகளால் மேலுறை மாற்றம் பெற்ற பின்னரே அது அவ்வாற்றலை அடைகின்றது. இவ்வுண்மையை 1951இல் அமெரிக்காவிற் சாங் என்பவரும், அவுஸ்திரேலியாவில் ஒஸ்டின் என்பவரும் தனித்தனியே கண்டனர். கடைசிக் கட்டத்தில், முட்டையைச் சூழ்ந்துள்ள கலங்களிலிருந்து வரும் புரொஜெஸ்தரோன், விந்தணுவின் தலைக்கவசம் திறக்கத் துணைபுரிகின்றது. வாயிலை அடைக்கும் ஓமோனே உள்ளே வந்தவனுக்கு வழிகாட்டுவதும் இயற்கையின் விந்தைகளுள் ஒன்றாம்.

பசுவின் வேட்கை ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். நாட்டுப் பசுவில் இது இன்னுங் குறுகியிருத்தல் கூடும். வேட்கை முடிந்து 10 முதல் 14 மணி நேரத்தின் பின் முட்டை வெளிப்படும். முட்டையின் ஆயுள் அரைநாளுக்கு மேற்படாது. விந்தணுவின் ஆயுளோ ஒரு நாளளவு. இவ்விரண்டையும் சந்திக்கச் செய்தலே கமக்காரரின் கடமை. அதற்கான விதி வருமாறு:

காலையில் வேட்கை கண்டால், அன்று மாலை சினைப்படுத்துக.
மாலையில் வேட்கை கண்டால், மறுநாட் காலை சினைப்படுத்துக.

மற்ற மாடுகள் தன்மேல் ஏறும்போது அசையாது நிற்றலே வேட்கையின் நிச்சயமான அடையாளம். அடிக்கடி கதறுதல், பால் குறைதல், வாலடியிற் சளி ஒட்டியிருத்தல் ஆகியன துணை அடையாளங்கள். எருமையில் இவ்வடையாளங்கள் மங்கலாயிருக்கும். பெரும்பாலும் இரவிலேயே தோன்றும். வயல் வேலைக்குப் போகுமுன் ஒருமுறையும், திரும்பியபின் ஒருமுறையும், படுக்குமுன் ஒருமுறையும் பட்டியைப் பார்த்து வருபவர் வேட்கையைத் தவறவிடார்.

7. செயற்கைமுறைச் சினைப்படுத்தலில் இதன் பயன்

1949இல் இங்கிலாந்தில் பொல்ஜ், சிமித், பார்க்ஸ் ஆகியோர், கிளிசரோல் சேர்த்தால் விந்தணுவை உறையவைத்தும் உயிரோடு காக்கலாமெனக் கண்டனர். இலங்கையில் குண்டசாலையிலுள்ள மத்திய செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையம் பொலிகாளைகளின் விந்தைச் சேகரித்து, மெல்லிய குழல்களில் அடைத்து, 196 பாகை உறைநிலைக்குக் கீழான திரவ நைதரசனில் வைத்துக் காக்கின்றது. இதனால், காளை வளர்க்க வசதியில்லாத கமக்காரரும் நல்லினக் கன்றைப் பெறலாம்.

எனினும் உறைந்து உருகிய விந்தணு புதிய விந்தணுவைப் போன்றதன்று. உறைதலால் அதன் மேலுறை முன்னமே ஓரளவு மாற்றமடைந்துவிடுகின்றது. அதனால் அதன் ஆயுளும் குறுகுகின்றது. இயற்கைச் சேர்க்கையிற் சிறிது முந்தினாலும் பிந்தினாலும் காளை மீண்டும் மீண்டும் ஏறிக் குறையை நிரப்பும். குழல் விந்திலோ மேலே கூறிய காலவிதியைப் பிசகாது பின்பற்றுதல் வேண்டும். ஆதலால் வேட்கை கண்ட நேரத்தைக் குறித்துவைத்து, உத்தியோகத்தருக்குத் தாமதமின்றி அறிவியுங்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீட ஆய்வாளர், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் ஆகியவற்றின் துணையோடு, பாலிலுள்ள புரொஜெஸ்தரோனை அளந்து கமக்காரரின் பசுக்களை ஆராய்ந்துள்ளனர். சினைப்படுத்திய நாளிற் பாலில் இவ்வோமோன் மிகுந்திருந்தால், அப்பசு உண்மையில் வேட்கையில் இருக்கவில்லை என்பது பொருள். 21 நாளின் பின் அது தாழ்ந்திருந்தால், பசு சினைப்படவில்லை என்பது பொருள். பிழை எங்கே நேர்ந்தது என்பதை இவ்வாறு ஓமோனே சாட்சி கூறுகின்றது.

சினைப்படுத்தும்போது பசுவை ஓட்டி, அடித்து, வெருட்டலாகாது. பயந்த பசுவில் அதிரினலின் மிகும். அதனால், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒட்சிற்றோசினின் தொழில் தடைப்படும். பசுவை முன்னதாகவே நிழலிற் கட்டி, நீர் காட்டி, அமைதியாக வைத்திருங்கள். வேட்கையை வருவிக்கும் ஊசிகளும் உள. அவற்றை மிருக வைத்தியரே இடவேண்டும். சினைப்பட்ட பசுவுக்குத் தவறுதலாக இட்டால் கரு சிதையும்.

8. மரக்கறித் தோட்டக்காரர் கவனத்துக்கு

மருந்து தெளித்த தோட்டத்தின் இலைகளையும் கழித்த காய்களையும் உடனே மாட்டுக்குப் போடாதீர்கள். சில பூச்சிகொல்லிகளும் பூஞ்சணக்கொல்லிகளும் ஆண் ஓமோனின் தொழிலைக் குழப்புவனவென ஆய்வுக்கூட விலங்குகளில் அறியப்பட்டுள்ளது. மருந்துப் போத்தலிற் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். தெளிகருவி கழுவிய நீர் மாடு குடிக்கும் வாய்க்காலிற் கலவாதிருக்கட்டும். ஈரத்திற் பூஞ்சணம் பிடித்த சோளமும் ஆகாது. அதில் ஈஸ்திரசனைப் போலத் தொழிற்படும் நஞ்சொன்று உண்டாதல் கூடும்.

9. நினைவிற் கொள்ளவேண்டியவை

(1) பொலிகாளைக்கு நாள் முழுவதும் நிழலும், தூய நீரும் கிடைக்கச் செய்க.

(2) காளைக்குக் காய்ச்சல் கண்டால் நாளைக் குறித்துவைத்து, காய்ச்சல் தணிந்த நாளிலிருந்து எழுபது நாள் வரை அதனை மட்டும் நம்பியிராது, குழல் விந்தைப் பயன்படுத்துக.

(3) பொலிகாளைக்கென வைத்த நாம்பன் கன்றை முதல் ஆறு மாதம் பட்டினி போடற்க.

(4) ஆண் ஓமோன் ஊசியைக் காளைக்கு இடுவிக்கற்க.

(5) வேட்கையைத் தினமும் மூன்று வேளை பார்த்து, நாளும் நேரமும் எழுதிவைக்க.

(6) நலமடித்த எருதையும் சில வாரம் பசுக்களிலிருந்து பிரித்துவைக்க. குழாய்களில் எஞ்சிய விந்தணு இன்னும் உயிரோடிருக்கும்.

(7) மூன்றுமுறை சினைப்படுத்தியும் பயனில்லையெனில், பசுவையும் காளையையும் சேர்த்தே பரிசோதிப்பிக்க.

ஓமோன் கண்ணுக்குத் தெரியாது. அதனைக் கமக்காரர் கையால் அளந்து இடவும் இயலாது. ஆயினும் அது ஒழுங்காகச் சுரப்பதற்கு வேண்டிய நிழல், நீர், தீனி, அமைதி, காலம் என்னும் ஐந்தும் கமக்காரரின் கையிலேயே உள்ளன. இவற்றை உரியபோது கொடுப்பவரின் பட்டியில் ஆண்டுக்கொரு கன்று துள்ளும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தையோ, கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரையோ அணுகிக் கேட்டறிவாராக.